நேரம் கடந்தவர்

புவனா தம் கணவரை விரும்பத் தொடங்குவதற்கு முன்பே மிதிவண்டிப் பந்தயத்தை விரும்பத் தொடங்கியவர். இதை அவர் எவரிடமும் மறைத்ததில்லை. பெண் பார்க்க வந்த அன்றே, ஏரிக்கரையில் வாடகை மிதிவண்டிகளைப் பழுது பார்த்துக்கொண்டும் கிடைத்த பந்தயங்களில் ஓட்டிக்கொண்டும் இருந்த ஜெயமுருகனிடம், காபித் தட்டை வைத்துவிட்டு நேராகக் கேட்டார்: "ரேஸ் ஓட்டுவீங்களாமே, நீங்க லீடரா, ஹெல்ப்பரா?" ஜெயமுருகன் தலையைக் குனிந்துகொண்டு, "நம்ம எப்பவும் ஹெல்ப்பர்தாங்க" என்றார். சம்மதம் சொல்வதற்குப் புவனாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அட்டுவம்பட்டியில் அவர் வரவேற்பு மேசையில் பணிபுரியும் தங்கும் விடுதிக்கு முன்னொரு ஜூலையில் ஒரு பிரெஞ்சுத் தம்பதியர் வந்திருந்தார்கள். அவர்கள் தங்கிய மூன்று வாரங்களும் மழை. அவர்கள் வெளியே எங்கும் போகாமல், கூடத்துத் தொலைக்காட்சியில் தங்கள் நாட்டுப் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் புவனாவுக்கு அது ஏதோ நீண்ட ஊர்வலமாகவே தோன்றியது. பிறகு ஒருநாள், ஒரு வீரர் சட்டைக்குள் ஏழெட்டுத் தண்ணீர்ப் புட்டிகளைத் திணித்துக்கொண்டு, முதுகு புடைக்கக் கூட்டத்தின் வாலிலிருந்து தலைக்குப் போய், தம் அணியினர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே சென்றதைக் கண்டார். அந்த வீரர் எத்தனையாவதாக வருவார் என்று பிரெஞ்சு அம்மையாரிடம் கேட்டார். "நூற்றைம்பதாவதாக வந்தால் அவருக்கு அது நல்ல நாள்" என்று அவர் சிரித்தபடி சொன்னார். அன்றிலிருந்து புவனா திரையில் அந்த நூற்றைம்பதாவது மனிதரையே தேடத் தொடங்கினார்.

பல நாள் ஓடும் பந்தயங்களைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. வென்றவரைப் பாராட்டுவது மிக எளிது என்பது ஒன்று. அணி என்று எட்டுப் பேரை அனுப்பிவிட்டுக் கோப்பையில் ஒரே பெயரைப் பொறிப்பது முறையன்று என்பது இன்னொன்று. எல்லாவற்றிலும் மேலாக, நேர வரம்பு என்ற விதியை அவர் மனதார வெறுத்தார். பந்தயம் பார்த்துப் பழகாதவர்களுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நாளும் முதலில் வந்தவர் எடுத்துக்கொண்ட நேரத்துக்கு மேல் அதில் ஒரு சிறு பங்கு நேரம் மற்றவர்களுக்குத் தரப்படும். அதற்குள் எல்லையைத் தொடாதவர் மறுநாள் ஓட்ட முடியாது. அத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதலில் வருபவர் எவ்வளவு வேகமாக வருகிறாரோ, அவ்வளவுக்குப் பின்னால் வருபவரின் நேரம் சுருங்கும். அந்த வேகத்தை உண்டாக்கிக் கொடுப்பவர் உதவியாளர். ஆக, அவர் தம் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ, அவ்வளவுக்குத் தம் கழுத்தையே நெரித்துக்கொள்கிறார் என்று புவனா சொல்வார். விடுதியில் சமையல் செய்யும் அன்னக்கொடி இதைப் பலமுறை கேட்டுச் சலித்தவர். "இத்தன நியாயம் பேசுறவ எதுக்குப் பாக்குற? டிவிய அமத்திட்டு வெங்காயத்த உரி" என்பார்.

இப்போது ஜெயமுருகன் தாய்லாந்தில் பதிவு செய்யப்பட்ட ஒரு சிறிய தொழில்முறை அணியில் ஓட்டிக்கொண்டிருந்தார். மலேசியாவில் எட்டு நாள் பந்தயம். தொடங்குவதற்கு முதல்நாள் அணி மேலாளர் எல்லோரையும் அமர வைத்து, இந்த எட்டு நாளையும் முடிப்பவர்களுக்கே அடுத்த ஆண்டு அணியில் இடம் என்று சொல்லியிருந்தார். ஜெயமுருகனுக்கு வயது முப்பத்திரண்டு. இந்த அணி விட்டுவிட்டால் வேறெந்த அணியும் அந்த வயதில் ஓர் உதவியாளரைச் சேர்த்துக்கொள்ளாது. முடிக்க வேண்டும், எத்தனையாவதாக வந்தாலும் சரி, நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அவ்வளவுதான் புவனா வேண்டிக்கொண்டது.

ஆறாம் நாள் மலை நாள். ஞாயிற்றுக்கிழமையாகவும் இருந்தது. பேத்துப்பாறையிலிருந்து மாமனார் பழனிச்சாமி பீன்ஸ் மூட்டைகளைச் சந்தையில் இறக்கிவிட்டு, செருப்பைப் படியில் கழற்றி, வெற்றுச் சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடுதிக்கு வந்து சேர்ந்தார். அவர் ஊரில் கைபேசி பேசுவதற்கே வரப்பில் ஏறி நிற்க வேண்டும். பந்தயம் பார்ப்பதைப் பற்றி நினைக்கவே முடியாது.

"வெள்ளனே வந்துட்டேன்மா. ஆரம்பிச்சுட்டாங்களா?"

"உக்காருங்க மாமா. மலை ஏறப் போறாங்க. அந்தா பாருங்க, நாலாவது ஆளு, பச்ச சட்ட."

"எல்லாப் பயலும் பச்சையாத்தான் தெரியிறான்."

"தோள ஆட்டாம ஓட்டுறாருல்ல, அவருதான்."

பழனிச்சாமி மூக்குக் கண்ணாடியை வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு திரையருகே சென்றார். "ஆமா! களையெடுக்கிறவனாட்டம் குனிஞ்சு கெடக்கான் பாரு. ஏலே, வெரசாப் போடா!"

சமையலறையிலிருந்து அன்னக்கொடி ஈரக்கையோடு வந்து நின்றார். ஜெயமுருகன் இப்போது வரிசையின் தலைக்கு வந்திருந்தார். அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி அணித் தலைவர், ஓர் ஆஸ்திரேலியர், வாயை மூடியபடி அமைதியாக ஏறிக்கொண்டிருந்தார்.

"உங்காளு முன்னாடி வந்துட்டாரே. அப்படியே போயிர வேண்டியதான?" என்றார் அன்னக்கொடி.

"போகக் கூடாதுக்கா. பின்னாடி வர்றவருக்குக் காத்துப் படாம மறைச்சுக்கிட்டுப் போகணும்."

"ஓகோ, கொட புடிக்கிறாரா?"

"அப்படித்தான்னு வச்சுக்கங்க."

"மழ விட்டதும்?"

"மடக்கி ஓரமா வச்சிருவாங்க."

பழனிச்சாமிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "ஜெயிச்சா கப்பு யாருக்கும்மா?"

"லீடருக்கு மாமா."

"தோத்தா ஏச்சு?"

"அது இவருக்குத்தான்."

"இதுக்கு எதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போனான்? நம்ம தோட்டத்துலயே இருந்திருக்கலாமே. இங்கயும் அதான் நடக்குது." அவர் சொன்னதற்கு அவரே சிரித்தார். அன்னக்கொடியும் சிரித்தார். புவனாவும் சிரித்தார், அன்று அவர் சிரித்தது அதுவே கடைசி.

மலைச் சாலை செங்குத்தாக வளைந்தது. ஜெயமுருகன் இழுத்த இழுப்பில் முன்கூட்டம் நூல் பிரிவதுபோலப் பிரிந்தது. அவருக்குப் பின்னால் இருபது பேர் பன்னிரண்டானார்கள், பன்னிரண்டு பேர் ஏழானார்கள். அவருடைய முகத்தில் உப்புப் படிந்திருந்தது. இத்தனை ஆண்டுகள் பார்த்ததில் புவனாவுக்கு ஒன்று தெரியும்: முகம் எப்படி இருந்தாலும் முழங்கால்கள் நேராக மேலும் கீழும் போகும்வரை கவலைப்படத் தேவையில்லை. இப்போது அவருடைய வலது முழங்கால் வெளியே சரியத் தொடங்கியிருந்தது. 'போதும், விட்டுருங்க' என்று புவனா மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஜெயமுருகன் சாலையோரமாக விலகினார். தலைவர் அவரைத் திரும்பிப் பாராமல் கடந்து போனார்.

"ஏம்மா, நின்னுட்டான்?"

"சோலி முடிஞ்சது மாமா. இனிமே அவரு மெதுவாப் போனாப் போதும். பின்னாடி ஒரு பெரிய கூட்டம் வரும். மல ஏறத் தெரியாதவங்க எல்லாம் சேந்து, நேரத்துக் கணக்குப் போட்டு ஓட்டிட்டு வருவாங்க. அதுல ஒட்டிக்கிட்டா வந்து சேந்துரலாம்."

புவனா மூச்சை விட்டு நாற்காலியில் சாய்ந்தார். ஜெயமுருகன் பின்தங்கிப் பின்தங்கி அணியின் வண்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். அப்போதுதான் முன்னால் சென்றுகொண்டிருந்த தலைவர் வலக்கையைத் தூக்கினார். தண்ணீர் வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. அந்த வேலைக்கென்று தலைவருக்கு அருகிலேயே அதே அணியின் தாய்லாந்து வீரர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கால்களில் இன்னும் தெம்பும் இருந்தது. ஆனால் வண்டியின் சன்னலுக்குப் பக்கத்தில் இருந்தவர் ஜெயமுருகன்.

"போகாதீங்க" என்றார் புவனா, வாய்விட்டே.

ஜெயமுருகன் சன்னலிலிருந்து இரண்டு புட்டிகளை வாங்கினார். ஒன்றைச் சட்டைக்குள் போட்டு, ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். முடித்துவிட்ட வேலையை மறுபடியும் தொடங்கியவராக, அந்தச் செங்குத்தில், பிரிந்துபோன அந்த ஏழு பேரை நோக்கி அவர் ஏறியதை ஒளிப்பதிவுக் கருவி முழுமையாகக் காட்டியது. வர்ணனையாளர் ஏதோ வியந்து சொன்னார். தலைவர் புட்டியை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். மீதியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். புட்டியைப் பள்ளத்தில் எறிந்தார். இரண்டாவது புட்டியை வேண்டாம் என்று விரலால் காட்டினார். அடுத்த வளைவில் எழுந்து பாய்ந்து, மற்ற ஆறு பேரையும் விட்டுப் போயே போய்விட்டார்.

"தலையில ஊத்திக்கிட்டாரு மாமா. பாத்தீங்களா? குடிச்சது ஒரே வாய்."

"அதுக்கென்னம்மா செய்யிறது?"

"இவரு முறையே இல்லையே. பக்கத்துலயே ஆளு இருக்கு. எதுக்குப் போனாரு?"

பழனிச்சாமி அவரைச் சற்று விளங்காமல் பார்த்தார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்காக அடிவாரச் சாலையில் ஆண்டுதோறும் தண்ணீர்த் தொட்டி வைக்கும் குடும்பம் அவர்களுடையது. ஜெயமுருகன் கைச்சொம்போடு சாலையோரம் நின்று வளர்ந்தவர். "நடந்து வர்ற ஆளு கைய நீட்டுனா, இது எம்முறையில்ல, அடுத்தவன்ட்ட கேளுன்னு சொல்லுவாங்களாக்கும்?" என்றார்.

"அந்த லீடரு சாமிக்கு நடந்து போகல மாமா."

"அவன் அப்படிப் பாக்கத் தெரியாதவன்மா" என்றார் பழனிச்சாமி. அதில் பெருமை இருந்ததா வருத்தம் இருந்ததா என்று சொல்ல முடியவில்லை.

தலைவர் தனியாக எல்லையைக் கடந்தார். அன்னக்கொடி கைதட்டினார். "புவனா, உங்காளுக ஜெயிச்சுட்டாங்கடி! இனிப்புக் குடு!" புவனா திரையின் மூலையில் நின்றுவிட்ட நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மலையை அத்தனை வேகத்தில் அதற்கு முன் யாரும் ஏறியதில்லை என்று வர்ணனையாளர் சொன்னார். வரம்பு எவ்வளவு என்று புவனா மனதில் கணக்கிட்டார். பிறகு, தவறாகக் கணக்கிட்டிருக்கலாம் என்ற நம்பிக்கையில் இன்னொரு முறை கணக்கிட்டார்.

மேடையில் பூங்கொத்து கொடுத்தார்கள். தலைவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கையசைத்தார். பின்னணியில் வீரர்கள் ஒருவர் இருவராக வந்துகொண்டிருந்தார்கள். பச்சைச் சட்டை தெரியும்போதெல்லாம் புவனா எழுந்து எழுந்து அமர்ந்தார். பின்னர் இசை ஒலித்தது, விளம்பரதாரர்களின் சின்னங்கள் வரிசையாக ஓடின, திரை கறுத்தது. ஒளிபரப்பு முடிந்துவிட்டது. ஜெயமுருகன் இன்னும் மலையில் இருந்தார்.

"என்னாச்சு, கரண்டு போயிருச்சா?" என்றார் பழனிச்சாமி.

"இல்ல மாமா. அவ்வளவுதான் காட்டுவாங்க."

"நம்ம பய வரலையே?"

"அவங்க வர்றதக் காட்ட மாட்டாங்க."

பழனிச்சாமி கறுத்த திரையை நம்பாதவர்போல் சிறிது நேரம் பார்த்தார். அன்னக்கொடி உள்ளே போய்விட்டார். இனிப் பந்தயத்தின் இணையப் பக்கத்தில் முடிவுகள் ஏறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. புவனா கைபேசியை மேசைமேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த விருந்தினர் ஒருவர் தோளில் துண்டோடு படியிறங்கி வந்தார். "மேடம், ஹாட் வாட்டர் வரவே இல்லைங்க. போன் பண்ணாலும் எடுக்க மாட்டேங்கறீங்க."

"மன்னிச்சுக்கங்க சார். கீசர் சுவிட்சு கதவுக்கு வெளிய இருக்கு. போட்டுட்டுப் பத்து நிமிஷம் வெயிட் பண்ணணும்."

"பத்து நிமிஷமா? அதுக்குள்ள ஃபாக் வந்துருமே மேடம், நாங்க கோக்கர்ஸ் வாக்ல வியூ பாக்கப் போறதா வேண்டாமா?"

"வந்துரும் சார். எல்லாம் நேரத்துக்கு வந்துரும்." தாம் எதைப் பற்றிச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. மாடிக்குப் போய் விசையைப் போட்டுவிட்டு, படிகளில் ஓடி இறங்கி வந்தார்.

பக்கம் புதுப்பிக்கப்பட்டிருந்தது. பெயர்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். வரம்புக்குள் வந்தவர்கள் முடிந்து, ஒரு கோட்டுக்குக் கீழே பெரிய கூட்டம் ஒன்று இருந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் வந்திருந்தார்கள். அவர் சொன்ன அந்தக் கணக்குப் போடும் கூட்டம்தான். தலைவரின் வேகத்தில் அவர்களுடைய கணக்கும் பொய்த்துப் போயிருந்தது. ஆனால் அவர்களுடைய பெயர்களுக்கு எதிரே, நடுவர்களின் முடிவுப்படி போட்டியில் தொடர அனுமதிக்கப்படுகிறார்கள் என்ற குறிப்பு இருந்தது. அவர்களுக்கும் கீழே, தனி வரியில், ஒரே ஒரு பெயர். அதற்கு எதிரே 'நேரம் கடந்தவர்' என்று பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தன.

புவனா கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"சொல்லும்மா" என்றார் பழனிச்சாமி.

"எடுத்துட்டாங்க மாமா. நாளைக்கு ஓட்ட முடியாது."

"லேட்டாயிருச்சா?"

"முப்பது பேருக்கு மேல லேட்டு. அவங்கள விட்டுட்டாங்க."

"முப்பது பேர விடுறவன் இவன விட மாட்டானா? இதென்ன நியாயம்?"

"அத்தன பேரையும் அனுப்பிட்டா நாளைக்கு ரேஸ் நடத்த ஆளு வேணும்ல. கூட்டமா வந்தா மன்னிப்பாங்க. இவரு தனியா வந்திருக்காரு. அவங்களுக்கும் பின்னாடி." அவருடைய குரல் உடையவில்லை, பயணச்சீட்டு விவரம் சொல்வதுபோலவே இருந்தது. "அந்தத் தண்ணிக்குப் போகாம இருந்தா அவங்களோட ஒட்டியிருப்பாரு மாமா. கால்ல இருந்த மிச்சத்த அதுல போட்டுட்டாரு."

பழனிச்சாமி சாக்கை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். மகன் அடுத்த ஆண்டு வீட்டில்தான் இருப்பான் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதில் மகிழ வேண்டிய தகப்பன் அவர். ஆனாலும் அவருடைய முகத்தில் மகிழ்ச்சி வரவில்லை.

சன்னலுக்கு வெளியே மூடுபனி யூக்கலிப்டஸ் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தபோது, ஜெயமுருகன் அழைத்தார். புவனா கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். அந்தப் பக்கம் பேருந்துக்குள் யாரோ உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"புவனா, பாத்தியா? ஜெயிச்சுட்டோம்!"

அவர் என்ன சொல்வார் என்று பலவாறாக நினைத்து வைத்திருந்த புவனா இந்தச் சொல்லை எதிர்பார்த்திருக்கவில்லை. "பாத்தேங்க" என்றார்.

"லீடர் கட்டிப் புடிச்சாரு. எல்லார் முன்னாடியும் என்னையத்தான் சொன்னாரு."

"என்னன்னு சொன்னாரு?"

"'நம்ம இண்டியன்'னு சொன்னாரு."

"அது உங்க பேரா?"

பாட்டுச் சத்தம் குறைந்தது. அவர் பேருந்தைவிட்டு இறங்கியிருக்க வேண்டும்.

"ஏங்க தண்ணி எடுக்கப் போனீங்க?"

"கையத் தூக்குனாரு."

"உங்களப் பாத்தா தூக்குனாரு? உங்க வேலைதான் முடிஞ்சிருச்சே."

"முடிஞ்சிருச்சுதான். ஆனா கையத் தூக்குனாருல்ல" என்றார். தம்மை நியாயப்படுத்தும் தொனி அதில் இல்லை. "அந்தப் பெரிய கூட்டம் என்னையத் தாண்டிப் போச்சு புவனா. அதுல ஒருத்தரு, யாரோ, வேற டீமுதான், எஞ்சக்கரத்தப் புடிச்சுக்கன்னு சைகை காட்டுனாரு. புடிச்சேன். ஒரு வளைவு வரைக்கும் புடிச்சிருப்பேன். அப்புறம் கால் வரல. அவரு ஒருவாட்டி திரும்பிப் பாத்தாரு. அவரும் எத்தன நேரம் பாப்பாரு?"

"மேனேஜர் என்ன சொன்னாரு?"

"நல்ல வேல செஞ்சன்னு தட்டிக் குடுத்தாரு. அடுத்த வருஷத்தப் பத்தி நானும் கேக்கல, அவரும் சொல்லல."

"அப்ப நாளைக்கே கிளம்பிருவீங்களா?"

"இல்ல, கூடவே பஸ்ல போறேன். ரெண்டு நாள் இருக்குல்ல. பாட்டில் நெரப்பணும், சாப்பாட்டுப் பை போடணும், ஆளு கொறையுது." பிறகு அவருடைய குரலில் ஓர் ஆர்வம் வந்தது; அந்த ஆர்வம்தான் புவனாவால் தாங்க முடியாததாக இருந்தது. "மொத்த நேரத்துல லீடரு இப்ப ஒரு நிமிஷம் முன்னாடி. நாளைக்கு எறக்கம் ஜாஸ்தி, மழ வேற பெய்யும்னாங்க. அத மட்டும் தாண்டிட்டா கப்பு நமக்குத்தான். நாளைக்கும் பாப்பியா?"

"நீங்கதான் இல்லையே."

"லீடர் இருக்காருல்ல. நான் செஞ்ச வேலதான அது. பாரு புவனா."

"பாக்குறேங்க."

அழைப்பு முடிந்தது. பந்தயம் பார்க்கத் தொடங்கிய நாள் முதல் புவனா ஒரு வீரர்கூட விழ வேண்டும் என்று நினைத்ததில்லை. எதிரணியினர் சறுக்கினாலும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவர்கள் எழுந்து நின்றபின்தான் திறப்பார். அதில் பெருமையும் கொண்டிருந்தார். இப்போது, பனி முகத்தில் படிய நின்றுகொண்டிருந்தவருக்கு, நாளைய இறக்கம் தெளிவாகத் தெரிந்தது. நனைந்த சாலை; உள்பக்கமாகச் சரியும் வளைவு; தலைவரின் முன்சக்கரம் வெள்ளைக் கோட்டின்மேல் ஏறுகிறது. அது வழுக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அப்படி விரும்புகிறோமே என்று தமக்கு வெட்கம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

பழனிச்சாமி வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் அவருக்கு அங்கே இருக்க முடியவில்லை போலும்.

"என்னம்மா சொல்றான்?"

"நல்லாருக்காராம் மாமா. ஜெயிச்சுட்டோம்னு சொல்றாரு."

"அப்படியா சொன்னான்?" அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நாளைக்கும் காட்டுவாங்கல்ல? பீன்ஸ் பறிக்கிறத ஆளுகட்ட விட்டுட்டு நானும் வாறேன். நீ ஒத்தையா உக்காந்து பாக்க வேணாம்."

"வேணாம் மாமா" என்றார் புவனா. குரல் சற்று உரத்துவிட்டதை உணர்ந்து தணித்துக்கொண்டார். "நாளைக்கு நான் ஒத்தையாவே பாத்துக்கிறேன்."